கொள்ளுத்தாத்தாவைத் தேடாதீர்கள், கொள்ளுப்பாட்டியைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் குடியாத்தம் பக்கம். என் அப்பாவின் தாத்தா முதல் உலகப்போருக்குப் போனவர். "பஸ்ராவுக்குப் போனார், காய்ச்சலோடு திரும்பி வந்தார், செத்துப்போனார்" என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. கொள்ளுப்பாட்டிக்கு மாதாமாதம் மிலிட்டரி பென்ஷன் வந்ததாம். நாலு ரூபாயோ ஐந்து ரூபாயோ என்று அப்பா சொல்வார். 1958-இல் பாட்டி கண்ணை மூடும்வரை வந்திருக்கிறது. ட்ரங்குப் பெட்டியில் பூச்சி அரித்த பாதித் தாள் ஒன்று கிடைத்தது. '61 பயோனியர்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பாட்டியின் பெயர், வயது 19, இடது முழங்கையில் தீத்தழும்பு, கீழே கைநாட்டு, வருடம் 1919.

அம்மாவின் அப்பா 1942-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். கோயம்புத்தூர்ப் பக்கம் ட்ரெயினிங் என்பார்கள். 1958-இல் பென்ஷனோடு வந்தவர், 1962-இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பாட்டிக்கு 24 வருடம் காலணா வரவில்லை. 1986-இல் திடீரென்று மொத்தமாக ஒரு தொகை வந்தது, அதிலிருந்து 1999-இல் சாகும்வரை மாதப் பென்ஷனும் வந்தது. இடையில் வரவேண்டிய பணத்தை ஆபீசில் யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று அம்மா இன்றைக்கும் வயிறெரிகிறார்.

இரண்டு பேரின் சர்வீஸ் விவரத்தையும் எப்படி எடுப்பது? பாக்கிப் பணம் ஏதாவது வருமா?

பி.கு: அதே பெட்டியில் கனமான ஒரு வட்ட வெண்கலத் தட்டும் இருந்தது. சிங்கம், சூலம் பிடித்த ஒரு பெண், சுற்றிலும் ஆங்கில எழுத்து. கொள்ளுப்பாட்டி அதில் கற்பூரம் ஏற்றுவாராம். 'அம்மன் தட்டு' என்றுதான் நாங்கள் சொல்வோம். பெட்டியில் கிடந்ததால் எழுதுகிறேன்.

- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

அம்மா, பின்குறிப்பில் எழுதியதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அது அம்மன் தட்டு இல்லை. சூலத்தோடு நிற்பவள் பிரிட்டானியா, பிரிட்டிஷ் தேசத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெண் உருவம். பக்கத்தில் சிங்கம் நிற்பதால் கொள்ளுப்பாட்டிக்குத் துர்க்கையாகத் தெரிந்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். முதல் உலகப்போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு அது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும், மொத்தம் 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். சுற்றியிருக்கும் ஆங்கில வாசகத்துக்கு 'விடுதலைக்காகவும் கௌரவத்துக்காகவும் உயிர் நீத்தார்' என்று பொருள். எந்த நாட்டு விடுதலை என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிரிட்டானியா நீட்டியிருக்கும் மலர்வளையத்துக்குக் கீழே, தகட்டின் வலப்பக்கம், ஒரு சின்ன நீள்சதுரக் கட்டம் இருக்கும். அதற்குள் மேடெழுத்தில் இறந்தவரின் பெயர். பதவி இருக்காது, படைப்பிரிவும் இருக்காது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் பெயர் மட்டும்தான், வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். நூறு வருடம் விளக்கி விளக்கி எழுத்து மழுங்கியிருக்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மொழுமொழுவென்று தெரிவது சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுத்தாகும். இல்லையென்றால் மேலே மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள். சின்ன வயதில் காசுக்கு மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

ஆக, பெட்டியைத் திறந்த அன்றே உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கைக்கு வந்துவிட்டது. உயிரோடு திரும்பிப் பல காலம் வாழ்ந்தவருக்கு இந்தத் தகடு வராது. அவர் சாவுக்கும் படைச் சேவைக்கும் தொடர்பு உண்டு என்று ராணுவம் ஒப்புக்கொண்டிருக்கிறது. காய்ச்சலோடு வீட்டுக்கு வந்து இறந்தார் என்று நீங்கள் சொல்வதற்கும் இது முரண் இல்லை. சேவையில் வாங்கிய நோயால் பின்னால் இறந்தவர்களையும் சேர்த்தார்கள்.

இனி அந்தப் பாதித் தாள். படைவீரர்களின் சர்வீஸ் காகிதங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். அங்கே கற்றுக்கொண்டதில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பென்ஷன் காகிதம் படைவீரனைப் பற்றியது இல்லை, பணம் வாங்குகிறவரைப் பற்றியது. சிப்பாய் எந்தச் சண்டையில் நின்றான் என்பது கணக்குப்பிள்ளைக்குத் தேவையில்லை. கையை நீட்டுகிற பெண் அதே பெண்தானா, உயிரோடு இருக்கிறாளா, மறுமணம் செய்துகொண்டாளா, இதுதான் அவனுக்கு வேண்டும். அதனால்தான் உங்கள் தாளில் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அவர் பிரிவின் பெயர் மட்டும் இருக்கிறது, கொள்ளுப்பாட்டிக்கோ முழங்கைத் தழும்புவரை இருக்கிறது. பழைய பென்ஷன் விதிகளில் மறுமணம் செய்தால் விதவைப் பென்ஷன் நிற்கும். கணவனின் சகோதரனைக் கட்டிக்கொண்டால் நிற்காது. ஆள் உயிரோடு இருக்கிறார், மறுமணம் ஆகவில்லை என்பதற்கெல்லாம் ஊர்ப் பெரிய மனிதர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும், பெரும்பாலும் கிராம முன்சீப். பத்தொன்பது வயதிலிருந்து சாகும்வரை அந்தப் பெண் அப்படித் தன்னை நிரூபித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

எனவே தேடுவதைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசியாகப் பணம் வாங்கியவர் யார், எப்போது, எங்கே வாங்கினார்? அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறினால் கடைசியில் கொள்ளுத்தாத்தா வருவார். நேரே அவர் பெயரை வைத்துக்கொண்டு தேடினால், அந்தக் காலத்து வட ஆற்காட்டில் அதே பெயரில் நூறு பேர் வருவார்கள்.

உங்கள் தாளிலிருக்கும் வருடமும் ஒரு சேதி சொல்கிறது. இன்றைக்குக் குடும்பப் பென்ஷன் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் 1964 ஜனவரி 1-க்கு முன் இந்திய ராணுவத்தில், சாதாரணமாக இறந்த சிப்பாயின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் கிடையாது. சேவையினால் இறந்திருந்தால்தான் உண்டு. பதினைந்து வருடம் முடித்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஆள் வீட்டில் படுத்து இறந்துவிட்டால், பென்ஷன் அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். 1919-இலேயே உங்கள் கொள்ளுப்பாட்டிக்குப் பென்ஷன் எழுதினார்கள் என்றால், அந்தச் சாவு போர்க்கணக்கில் ஏறியது. தகடும் தாளும் ஒன்றையே சொல்கின்றன. சாட்சிகள் இரண்டு ஒத்துப்போனால் ஒரு பழைய கிளார்க்குக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

அந்த 1964-தான் உங்கள் அம்மாவின் வயிற்றெரிச்சலுக்கும் மருந்து. தாத்தா இறந்தது 1962. புதுத் திட்டம் வந்தபோது அவர் இல்லை, திட்டமும் முன்னால் இறந்தவர்களின் மனைவிகளை எட்டிப் பார்க்கவில்லை. இந்த அநியாயம் ராணுவத்தில் மட்டும் இல்லை, மத்திய அரசு ஊழியர் குடும்பங்களிலும் இருந்தது. 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் 1964-க்கு முந்தைய விதவைகளுக்கும் குடும்பப் பென்ஷன் வந்தது, அதுவும் 1977 செப்டம்பர் 22-ஐக் கணக்குத் தொடங்கும் நாளாக வைத்து. 1986-இல் பாட்டி கைக்கு மொத்தமாக வந்தது அந்த 1977 முதலான பாக்கிதான். 1962-க்கும் 1977-க்கும் இடையில் யாரும் எதையும் சாப்பிடவில்லை. சாப்பிடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. சட்டமே கொடுக்கவில்லை. அம்மாவுக்கு இது ஆறுதலா, இன்னும் கோபமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆபீஸ் கிளார்க்கைத் திட்டுவதை இனி விட்டுவிடலாம்.

மறுபடி கொள்ளுத்தாத்தாவிடம் வருவோம். 61 பயோனியர்ஸ் மதராஸ் படைப்பிரிவு. பயோனியர் என்றால் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கடப்பாரையும் இருக்கும். ரோடு போடுவார்கள், பாலம் கட்டுவார்கள், பதுங்குகுழி வெட்டுவார்கள், தேவைப்பட்டால் சண்டையும் போடுவார்கள். அப்போது சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். இந்தப் பிரிவு 1914-இல் கப்பலேறிப் போன இடம் பஸ்ரா இல்லை, கிழக்கு ஆப்பிரிக்கா. அப்போது ஜெர்மானியர் வசமிருந்த தாங்கா துறைமுகத்தில், இன்றைக்கு அது தான்சானியா, நவம்பர் தொடக்கத்தில் முதலில் கரையிறங்கிய இரண்டு பட்டாலியன்களில் 61-ஆவதும் ஒன்று. பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-ஆவது காலாட்படையும் அங்கே இருந்தது. ஏறத்தாழ எட்டாயிரம் பேரை இறக்கியும், ஆயிரம் சொச்சம் பேரை வைத்திருந்த ஜெர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக் அவர்களை விரட்டிவிட்டார். சண்டை நடுவில் தேன்கூடுகள் கலைந்து, தேனீக்கள் ஆட்களைத் துரத்தித் துரத்திக் கொட்டியதால், வெள்ளைக்காரர்களே அதைத் 'தேனீச் சண்டை' என்று எழுதிவைத்தார்கள். நவம்பர் 5-ஆம் தேதி மறுபடி கப்பலேறிவிட்டார்கள். ஆனால் ஆப்பிரிக்கப் போர் அதோடு முடியவில்லை. அங்கே குண்டைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும்தான் அதிகம் பேரைக் கொன்றன. 'காய்ச்சலோடு வந்தார்' என்ற உங்கள் வீட்டுப் பேச்சு எனக்கு நெருடலாகத் தெரியாதது இதனால்தான்.

அப்படியானால் பஸ்ரா எங்கிருந்து வந்தது? நான் பேசிப்பார்த்த குடும்பங்களில், முதல் போருக்குப் போன எல்லாருமே பஸ்ராவுக்குப் போனவர்கள்தான்! கடல் தாண்டிப் போன சண்டைக்கு ஊரில் இருந்த ஒரே பெயர் அது. ஆனால் அவசரப்பட்டு வீட்டுப் பேச்சைப் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு ட்ராஃப்ட் என்று ஆட்களை மாற்றி அனுப்புவது வழக்கம். பென்ஷன் தாளில் தாய்ப்பிரிவின் பெயர் இருக்கும், ஆள் வேறிடத்தில் இருந்திருப்பான்.

இதைத் தீர்க்கிற இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு. காசு வேண்டாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களை முதல் போரின் கணக்கில் வைத்திருக்கிறார்கள். உயிரோடு திரும்பிப் பல காலம் வாழ்ந்தவர் பெயர் அதில் இராது. உங்கள் வீட்டுத் தகடுதான் அந்தக் கதவைத் திறக்கிறது, அது இல்லாத குடும்பங்கள் இந்தப் பதிவேட்டில் வாரக்கணக்கில் தேடிவிட்டு ஏமாந்து எனக்கு எழுதுகிறார்கள்.

தேடும்போது கவனிக்க வேண்டியது பெயர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில்தான் போட்டிருப்பார்கள். முன்பெயர்க் கட்டத்தில் தேடினால் ஒன்றும் வராது. எழுத்துக்கூட்டல் அதைவிட மோசம். பெயர் கேட்டு எழுதிய கிளார்க் வடக்கத்திக்காரராகவும் இருப்பார், வெள்ளைக்காரராகவும் இருப்பார். முனுசாமி, முனிசாமி, மூனூசாவ்மி, முனுஸ்வாமி, முன்சாமி என்று எப்படி வேண்டுமானாலும் விழுந்திருக்கும். முழுப்பெயரைத் தட்டாமல், இந்திய ராணுவம் என்று வடிகட்டி, பிரிவு பயோனியர்ஸ் என்று போட்டு, முதல் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் கொடுத்து, வருகிற பட்டியலை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். உங்கள் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

சில பதிவுகளில் 'இன்னாரின் மகன், இன்ன ஊர், குடியாத்தம், வட ஆற்காடு' என்று இருக்கும். அப்படிக் கிடைத்துவிட்டால் விவகாரம் முடிந்தது. ஊர்ப்பெயரும் கோணல்மாணலாகத்தான் இருக்கும், அன்றைய ஜில்லாவையும் மறக்காதீர்கள். வேலூர் என்ற ஜில்லாவே அப்போது இல்லை. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டுக்குள் இருந்தது, அதனால் 1911-க்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவரின் காகிதத்தில் வட ஆற்காடு என்றிருந்தால் இன்றைய ஆந்திரப் பக்கத்து ஊராகவும் இருக்கலாம்.

அவர் பெயர் எந்த நினைவிடத்தின் கீழ் வருகிறது என்பதையும் பாருங்கள். டார் எஸ் சலாம் அல்லது நைரோபி என்றால் ஆப்பிரிக்காவிலேயே இறந்தவர், காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தார் என்பது பின்னால் சேர்ந்த கதை. 'மெட்ராஸ் 1914-1918 போர் நினைவிடம்' என்றால் ஊருக்கு வந்து இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த நினைவிடம் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குள் இருக்கிறது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பஸ்ரா நினைவிடம் என்று வந்தால், வீட்டுப் பேச்சே ஜெயித்தது. ஆனால் அந்தக் கல்லில் அவர் பெயர் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ராவில் இந்திய அதிகாரிகளின் பெயரைத்தான் செதுக்கினார்கள். சிப்பாய்களைப் பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகப் போட்டுவிட்டார்கள். கல்லறை ஆணையமே 2021-இல் ஒரு அறிக்கை வெளியிட்டு, இந்த வேற்றுமைக்காக வருத்தம் தெரிவித்தது.

இணையத்தில் தேடும்போது பஞ்சாப் பதிவேடுகள் என்று ஒன்று கண்ணில் படும். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த கிராமவாரிப் பட்டியல், ஏறத்தாழ 3,20,000 பேர், 2021 முதல் இணையத்தில் ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்து ஏங்கத்தான் முடியும், நம் பக்கத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. நமக்கு இருப்பது சில ஊர்களின் சுவரில் பதித்த ஒரு பலகைக் கல். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். ராணுவப்பேட்டை என்றே பெயர் எடுத்த கம்மவான்பேட்டை உங்களுக்குத் தூரமில்லை. உங்கள் ஊர்ச் சாவடியிலும் பழைய பள்ளிக்கூடச் சுவரிலும் சுண்ணாம்புக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

61 பயோனியர்ஸ் இன்றைக்கு இல்லை. 1922-இல் மதராஸ் பயோனியர்ஸ் என்ற பெரிய பிரிவுக்குள் போனது, 1933-இல் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். ஆகவே 1919 ஆளுக்காக எந்த ரெக்கார்ட் ஆபீசிலும் ஒரு கோப்பு காத்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிப் பஸ் ஏற வேண்டாம். தேதி மட்டும் கிடைத்துவிட்டால், அந்த நாளில் பட்டாலியன் எங்கே இருந்தது என்பதை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளில் பார்க்கலாம். சிப்பாய் பெயர் அவற்றில் அபூர்வம். மழை, பாலம், எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்றுதான் எழுதியிருப்பார்கள். காய்ச்சல் வந்த கதைக்கு அது போதும்.

அம்மா வழித் தாத்தா சுலபம். கோயம்புத்தூர் ட்ரெயினிங் என்றது சரிதான், 1942-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் மதுக்கரையில் இருந்தது, 1947-இல்தான் வெலிங்டனுக்குப் போனது. அதற்கு முன் கிட்டத்தட்ட 1928 முதல் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற ஒன்றே இல்லை, நம் ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று கலைத்துவிட்டு, போர் வந்ததும் ஓடிவந்து மறுபடி சேர்த்தார்கள். அது தனிக் கதை.

பாட்டியின் பழைய பேங்க் பாஸ்புக்கை எடுங்கள். பென்ஷன் கணக்கு என்றால் எங்காவது பிபிஓ எண், அதாவது பென்ஷன் வழங்கும் உத்தரவின் எண், இருக்கும். முதல் எழுத்து 'எஃப்' என்றால் குடும்பப் பென்ஷன், 'எஸ்' என்றால் சர்வீஸ் பென்ஷன், 'டி' என்றால் ஊனப் பென்ஷன். அந்த பிபிஓ தாளே கிடைத்துவிட்டால், தாத்தாவின் படை எண், பதவி, பிரிவு மூன்றும் அதில் இருக்கும். உண்மையில் உங்களுக்கு வேண்டியது அந்தப் படை எண் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் பதக்கத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் படைகளுக்குக் கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெயர் இராது, இந்தியப் படைக்குக் கொடுத்ததில் பொறித்தே கொடுத்தார்கள். வட்டப் பதக்கம் என்றால் விளிம்பைச் சுற்றி, நட்சத்திரம் என்றால் பின்பக்கம். எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில். பூதக்கண்ணாடி வேண்டும்.

எண் கிடைத்ததும் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். எங்கே கோட்டை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "என் தாத்தாவின் முழு சர்வீஸ் விவரங்களையும் தரவும்" என்று எழுதுவார்கள். முழு விவரம் இருப்பது ஷீட் ரோல் என்கிற கோப்பில். விதிப்படி பென்ஷன் இல்லாமல் போனவரின் ஷீட் ரோலை 25 வருடமும், பென்ஷன்காரருடையதை 50 வருடமும் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம். உங்கள் தாத்தா வெளியே வந்தது 1958, கெடு 2008-இல் முடிந்தது. ஆகவே "காலக்கெடு முடிந்து ஆவணங்கள் அழிக்கப்பட்டன" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அந்த வரியை நானே எத்தனையோ பேருக்கு டைப் அடித்திருக்கிறேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். கேட்காததைச் சொல்லக் கூடாது என்று எங்கள் ஆபீசில் மேலே இருந்தவர் ஒருவர் கண்டிப்பாக இருந்தார், நானும் வாயை மூடிக்கொண்டு அடித்து அனுப்பினேன். அந்த உறுத்தல் இருப்பதால்தான் இப்போது இந்தப் பதில்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேட்க வேண்டியது லாங் ரோல். சேர்ந்தவர்கள் எல்லாரையும் வரிசையாக எழுதிய பேரேடு, அதை அழிப்பதில்லை. எண், பெயர், அப்பா பெயர், ஊர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, எதற்காக வெளியேறினார் என்பதெல்லாம் ஓரிரு வரியில் இருக்கும். மனுவில் இப்படி எழுதுங்கள்: 'கீழ்க்கண்ட எண்ணுள்ள படைவீரரின் ஷீட் ரோல் நகல் வேண்டும். அது அழிக்கப்பட்டிருந்தால், லாங் ரோலில் அவருக்குரிய பதிவின் நகல் வேண்டும்.' இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். ஆங்கிலத்தில் அனுப்புங்கள், படிக்கிற கிளார்க் தமிழராக இருப்பார் என்று நிச்சயமில்லை. வாரிசு என்பதற்கு ஒரு காகிதமும் அடையாள அட்டை நகலும் இணைத்துவிடுங்கள். தனிநபர் விவரம் என்று மறுத்தால், இருபது வருடத்துக்கு முந்தைய விஷயத்துக்கு அந்தக் காரணம் செல்லாது என்று அதே சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வெலிங்டனுக்கு நேரில் போகாதீர்கள். கேட்டில் நிறுத்திவிடுவார்கள், ஊட்டி பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட் இல்லாமல் வேறு பிரிவாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கும் ஊர் பிரிவுக்குப் பிரிவு மாறும். தம்பிகள் என்று பெயர் பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை என்றால் பெங்களூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுது பார்க்கும் இஎம்இ என்றால் செகந்திராபாத், ராணுவ மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. பிரிவு தெரியாமல் 'மிலிட்டரியில் இருந்தார்' என்று மட்டும் தெரிந்தால் எதற்கும் எழுத வேண்டாம், முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டாம் போரில் இருந்து பென்ஷன் கிடைக்காதவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்து வருகிறது. உங்கள் பாட்டி அதை வாங்கியிருந்தால், தாத்தாவின் எண்ணும் பிரிவும் அந்த அலுவலகத்து ஏட்டில் இருக்கும். அங்கேயும் பாட்டி வழியாகத்தான் தாத்தாவுக்குப் போக வேண்டும்.

பாக்கிப் பணம் கேட்டிருந்தீர்கள். வராது. கொள்ளுப்பாட்டியின் பென்ஷன் 1958-இலும், பாட்டியின் பென்ஷன் 1999-இலும் முடிந்துவிட்டன. பேரப்பிள்ளைகளுக்கு அந்த உரிமை இறங்காது. 'லண்டனில் உங்கள் தாத்தா பணம் கிடக்கிறது, கமிஷன் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், தகட்டையும் தாளையும் காட்டாமல் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தத் தகட்டுக்கும் பதக்கத்துக்கும் வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், வருகிற ஆளுக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

பாதித் தாளை லேமினேட் செய்யாதீர்கள். சூடு பட்டால் மை போய்விடும், பிறகு பிரிக்கவும் முடியாது. இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து அட்டைக்குள் போட்டு வையுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று நினைத்துத்தான் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை போலிருக்கிறது. மறுபடி பாருங்கள். பணம் கொடுத்த இடத்தின் முத்திரையும் ஒரு தேதியும் மங்கலாகவாவது அங்கே விழுந்திருக்கும். அதையும், டார்ச் வெளிச்சத்தில் தகட்டில் எந்தெந்த எழுத்து தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். நடுவில் எழுத்து விடுபட்டிருந்தாலும் பரவாயில்லை, விடுபட்ட இடத்தில் கோடு போட்டு அனுப்புங்கள்.

தகட்டைப் பூஜையிலிருந்து எடுத்துவிடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உங்கள் வீட்டு விஷயம். எடுக்காமல் வைத்திருப்பதாக இருந்தால், கற்பூரத்தைப் பெயர் இருக்கும் வலப்பக்கத்தில் ஏற்றாமல் நடுவில் ஏற்றுங்கள்.